மலைக்குளிரும் மிச்ச எண்ணெயும்

பண்டிகைக்கு முந்தைய இரவில் நெடுநேரம் கண்விழித்து முறுக்கும் அதிரசமும் சுட்டு, எஞ்சிய எண்ணெயைச் சட்டியோடு பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, வேலை முடிந்தது என்ற திருப்தியோடு படுக்கப் போகிற ஒரு குடும்பத்துக்கு, மறுநாள் காலையில் தொட்டி நிறையத் தண்ணீர் தேங்கி நின்று, அதன் மேல் வெண்மையான ஏடு மிதக்கும் காட்சி பெரும் கலக்கத்தைத் தரும். இந்தச் சங்கடம் எந்த ஊரிலும் நேரக்கூடியதுதான். ஆயினும் மலேசியாவின் பகாங் மாநிலத்துக் கேமரன் மலையின் தேயிலைத் தோட்டத்து வீடுகளில் அது மிக எளிதாக நேர்வதற்கு அவ்விடத்துச் சீதோஷ்ணமே காரணமாக இருக்கிறது.

1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் கண்டறிந்து குறித்த இம்மலைப்பிரதேசத்தில், 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது, அவரை இங்கே ஈர்த்தது கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரமும், அந்த உயரத்துக்குரிய குளிருமேயாகும். தமிழ்த் தொழிலாளர்கள் காடு திருத்திக் கன்று நட்டு வளர்த்த அத்தேயிலைச் செடிகளுக்கு எந்தக் குளிர் அமுதமாயிற்றோ, அதே குளிர் அவர்களுடைய லயத்து வீடுகளின் கழிவுநீர்க் குழாயில் எண்ணெயைக் கட்டியாக்கும் சக்தியும் படைத்தது. இம்மலையின் ஊர்களான தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் பகல் வெப்பம் 25 பாகை செல்சியஸைத் தாண்டுவது அரிது. இரவிலோ அது 15 பாகை அளவுக்கு இறங்கிவிடும்.

இனி எண்ணெயின் சுபாவத்தைப் பார்ப்போம். மலேசியக் குடும்பங்களில் பெரும்பாலும் புழங்குவது செம்பனை எண்ணெய். அரசின் மானியத்தோடு ஒரு கிலோ 2 ரிங்கிட் 50 சென்னுக்கு விற்கப்பட்டு வந்திருக்கும் பாக்கெட் எண்ணெயும் அதுவே. இந்நாட்டில் வர்த்தக முறையில் முதன்முதலாக 1917இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் பயிரிடப்பட்ட செம்பனையின் எண்ணெயில் ஏறக்குறைய பாதி, எளிதில் உறையும் தன்மையுள்ள கொழுப்பாகும். ஆலையில் அதைக் குளிரவைத்து, கட்டிப்படும் பகுதியைப் பிரித்தெடுத்த பின்னர், மிஞ்சும் இளகிய பகுதியையே சமையலுக்கு அனுப்புகிறார்கள். அந்த இளகிய பகுதியும் 20 பாகைக்குக் கீழே பல மணி நேரம் அசையாமல் இருந்தால் கலங்கி, மணிமணியாகத் திரண்டு, அடியில் படியத் தொடங்கும். ஆகவே கோலாலம்பூரில் ஆண்டு முழுவதும் தெளிந்து நிற்கும் எண்ணெய், மலையேறி வந்ததும் அலமாரியிலேயே மங்குவதில் அதிசயம் ஒன்றுமில்லை. அதனோடு ஆட்டுக்கொழுப்போ நெய்யோ, 24 பாகையளவில் உறைந்துவிடும் தேங்காய் எண்ணெயோ கலந்திருந்தால், அது இறுகும் வேகம் இன்னும் கூடும்.

சூடாக ஊற்றியபோது தடையின்றி ஓடிய எண்ணெய், குளிர்ந்த குழாயின் சுவரைத் தொட்டதும் ஒட்டிக்கொண்டு, சோற்றுப் பருக்கையையும் தேயிலைச் சக்கையையும் பிடித்து வைத்து, நாளடைவில் வழியையே அடைத்துவிடுகிறது. கழிவுநீரில் கலந்திருக்கும் சுண்ணாம்புச் சத்தோடு கொழுப்பு சேர்ந்து, சோப்பைப் போன்ற ஒரு கடினப் பொருளாக மாறுவதும் உண்டு. லண்டன் மாநகரின் வைட்சாப்பல் பகுதியில் 2017இல் பாதாளச் சாக்கடையில் கண்டுபிடிக்கப்பட்ட கொழுப்புப் பாறை 250 மீட்டர் நீளமும் 130 டன் எடையும் கொண்டிருந்தது. அத்தனையும் தனித்தனி அடுப்படிகளிலிருந்தும் உணவகங்களிலிருந்தும் சிறிது சிறிதாக இறங்கிச் சேர்ந்ததுதான்.

கொதிநீரை ஊற்றினால் அடைப்பு கரைந்துபோகும் என்று பலர் நம்புகிறார்கள். கொதிநீர் கொழுப்பை இளக்குவது உண்மை. ஆனால் அவ்வாறு இளகியது சில அடி தூரம் சென்று, கை எட்டாத இடத்தில் மறுபடியும் உறைந்துவிடுவதால், சிறிய தொல்லை பெரிய தொல்லையாகிறது. தொட்டிக்குக் கீழே வளைந்திருக்கும் குழாயின் அடியில் ஒரு வாளியை வைத்து, திருகைக் கழற்றி, உறைந்த கொழுப்பைக் குச்சியால் வழித்தெடுத்துக் குப்பையில் சேர்ப்பதே உறுதியான பரிகாரம்.

குழாயைக் காப்பாற்ற விரும்புகிறவர்கள் அவசரத்தால் வேறோர் அபாயத்தில் சிக்குவதும் உண்டு. காலியான தண்ணீர்ப் போத்தலில் சூட்டோடு எண்ணெயை ஊற்றினால், பொரிக்கும் எண்ணெயின் வெப்பம் 180 பாகை அளவில் இருக்க, அந்தப் பிளாஸ்டிக்கோ 80 பாகைக்குள்ளாகவே நெகிழ்ந்து சுருங்கிவிடுவதால், எண்ணெய் கையிலும் காலிலும் கொட்டிவிடும். அப்படிச் சுட்டுக்கொண்டால், மாவும் பற்பசையும் தடவுவதை விட்டு, சுட்ட இடத்தை ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிஷம் காட்டிவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். எண்ணெய் அடுப்பிலேயே தீப்பற்றிக்கொண்டால் அதன் மேல் தண்ணீர் ஊற்றவே கூடாது. எண்ணெயை விடக் கனமான தண்ணீர் அடியில் இறங்கி, நொடியில் ஆவியாகி, ஏறத்தாழ 1,700 மடங்கு விரிந்து, எரியும் எண்ணெயை எங்கும் வீசியடிக்கும். எட்டினால் அடுப்பை அணைத்து, சட்டியைத் தட்டையான உலோக மூடியால் மூடி, அது ஆறும் வரையில் திறவாமல் இருப்பதே விவேகம். தீ அடங்காவிட்டால் வீட்டிலுள்ள அனைவரையும் வெளியேற்றிவிட்டு 999 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

ஆகையால் மிச்ச எண்ணெயின் விஷயத்தில் முதல் கடமை பொறுமை. கைபொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகு, ஈரமில்லாத வடிகட்டியில் வடித்து, மூடியுள்ள தகர டப்பாவில் சேர்த்து வைக்கலாம். சட்டியில் ஒட்டியிருப்பதைப் பழைய செய்தித்தாளால் துடைத்துக் குப்பையிலிட்டு, அதன் பின்னரே தண்ணீர் காட்ட வேண்டும். கொல்லையில் கொட்டுவதும் நல்லதன்று. எண்ணெய் மண்ணின் நுண்துளைகளை அடைத்து, எறும்பையும் எலியையும் அழைத்து, அடுத்த மழையில் ஓடையை நோக்கிச் செல்லும். பிரிஞ்சாங்கிலும் தானா ராத்தாவிலும் ஓடைக்குள் விழுவது பெர்த்தாம் ஆற்றின் வழியே ரிங்லெட் நீர்த்தேக்கத்தை அடைகிறது என்பதை மேட்டில் வாழ்கிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

பயன்படுத்திய எண்ணெய் பயனற்ற பொருளன்று. இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையம், திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் கேடு விளைவிக்கும் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டலாகாது என்ற விதியை 2018இல் நடைமுறைக்குக் கொண்டுவந்ததோடு, கழிக்கப்பட்ட எண்ணெயைத் திரட்டி உயிரி டீசலாக்கும் திட்டத்தையும் அதே ஆண்டில் தொடங்கியது. மலேசியாவிலும் இத்தகைய எண்ணெயை விலைக்கு வாங்கும் வியாபாரிகள் இருக்கிறார்கள். ஒரு வீட்டில் சேரும் சில போத்தல்களுக்காக அவர்கள் மலையேறி வருவது கடினம். ஆனால் ஒரு லயத்தில் உள்ள குடும்பங்கள் யாவும் கோயிலருகே ஒரு பொதுப் பீப்பாய் வைத்து, தத்தம் வீட்டு எண்ணெயை அதில் சேர்த்து வந்தால், ஒரு நடைக்குப் போதுமான அளவு திரண்டுவிடும். திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் ஒன்றுகூடி உழைக்கப் பழகிய தோட்டத்து மக்களுக்கு இது பாரமான காரியமன்று. வரும் தீபாவளிக்கு முன்னரே தொடங்கிவிடலாம்.