பிள்ளையின் கோ-கார்ட்டுக்கு எந்த எஞ்சின்? எந்தக் கிளச்?

புலம்பெயர்ந்த நாடுகளில் வளரும் எமது பிள்ளைகள் கேட்கும் பொருள்கள், அவர்களின் வயதில் நாம் கேட்டவை அல்ல. ஒரு சைக்கிளுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த தலைமுறை எம்முடையது. இன்று எட்டு, பத்து வயதுப் பிள்ளை பள்ளித் தோழனின் வீட்டில் கண்டுவிட்டு வந்து, எஞ்சின் பூட்டிய நான்கு சில்லு வண்டி தனக்கும் வேண்டுமென்று நிற்கிறது. சில வீடுகளில் இதற்குக் கிடைக்கும் விடை கண்டிப்பான மறுப்பு. வேறு சில வீடுகளிலோ, இரண்டு வேலைக்கு ஓடுவதால் பிள்ளையின் முகத்தைச் சரியாகப் பார்க்கவும் நேரமற்ற தந்தை, அந்தக் குறையைப் பணத்தால் ஈடுசெய்ய எண்ணி, கடையில் உள்ளவற்றுள் வலுக்கூடிய வண்டியை வாங்கி நிறுத்திவிடுகிறார். முதலாவது பிள்ளையின் மனத்தை வருத்துகிறது. இரண்டாவது பிள்ளையின் உடலுக்கே ஆபத்தாகலாம்.

இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு வழி உண்டு. வெற்றுச் சட்டம் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கி, எஞ்சினையும் கிளச்சையும் தேர்ந்தெடுத்துத் தந்தையும் பிள்ளையுமாகப் பூட்டுவதே அது. கிளச் என்பது எஞ்சினின் சுழற்சியைச் சில்லுக்குக் கொடுக்கவும் துண்டிக்கவும் செய்யும் உறுப்பு. எஞ்சினைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள்; கிளச்சைப் பற்றிப் பேசுவோர் குறைவு. பிள்ளையின் பாதுகாப்பில் பெரும்பகுதி கிளச்சிலும் பற்சில்லுக் கணக்கிலும் தங்கியிருப்பதை எடுத்துக்கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கழிக்கப்பட்ட எஞ்சினில் பிறந்த வண்டி

கோ-கார்ட்டின் பிறப்பு எளிமையானது. 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பந்தயக் கார்களைச் செய்யும் தொழிலகமொன்றில் பணியாற்றிய ஆர்ட் இங்கல்ஸ் என்பவர், தம் நண்பர் லூ பொரெல்லியுடன் சேர்ந்து முதலாவது கார்ட்டை உருவாக்கினார். அவர்கள் அதில் பூட்டியது பந்தய எஞ்சின் அன்று. புல்வெட்டும் பொறிக்கெனச் செய்யப்பட்டு விற்காமற் கிடந்த, ஏறத்தாழ இரண்டரைக் குதிரைவலுக் கொண்ட சிறு எஞ்சினேயாகும். வளர்ந்த மனிதர் ஒருவரைச் சுமந்து ஓட அதுவே போதுமானதாயிற்று. ஒரு பிள்ளைக்கு எவ்வளவு வலு வேண்டும் என்று யோசிக்கும் பெற்றோர், இந்தச் செய்தியை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும்.

முதலில் தண்டைப் பாருங்கள்

எம்மவர் பலருக்குச் சிறு எஞ்சின் புதிய பொருளன்று. யாழ்ப்பாணத்தின் வெங்காயத் தோட்டங்களிலும் புகையிலைத் தோட்டங்களிலும் கிணற்றடியில் நின்று நீர் இறைத்த எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டியவர்கள் இங்கு ஆயிரக்கணக்கில் வாழ்கிறார்கள். 1990ஆம் ஆண்டிலிருந்து எரிபொருள் தடைப்பட்டிருந்த காலத்தில், சில துளி பெற்றோலிற் கிளப்பி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய மக்கள் நாம். ஆயினும் அந்த அனுபவமே இங்கு ஓரிடத்தில் எம்மை வழிதவறச் செய்யக்கூடும்.

எஞ்சினின் பெயரையோ வலுவையோ பார்க்கும் முன்னர், அதிலிருந்து வெளியே நீளும் தண்டைப் பார்க்க வேண்டும். தெருவோரத்தில் கழித்துவிடப்படும் புல்வெட்டிகளில் பெரும்பாலானவற்றின் தண்டு கீழ்நோக்கி நிற்பது. சங்கிலியாற் சில்லைச் சுழற்றும் கார்ட்டுக்குக் கிடையாக நீளும் தண்டு வேண்டும். நீரிறைக்கும் பம்பிகளில் இருந்து கழற்றிய எஞ்சின்களுக்குத் தண்டின் நுனி பெரும்பாலும் புரி வெட்டப்பட்டிருக்கும். மின்பிறப்பாக்கிகளில் இருந்து வருபவற்றின் தண்டு பெரும்பாலும் நுனி நோக்கி ஒடுங்கிச் செல்லும். இவ்விரண்டிலும் சாதாரண கிளச் பொருந்தாது. கனடா போன்ற நாடுகளிற் கிடைக்கும் பனி அகற்றும் பொறியின் எஞ்சின் கிடைத்தண்டு கொண்டதேயெனினும், பனியிற் புழுதி இல்லை என்பதால் அவற்றுட் பலவற்றிற்குக் காற்று வடிகட்டி கிடையாது. வடிகட்டி பூட்டாமற் கோடையிற் புழுதியில் ஓட்டினால் சிலிண்டர் விரைவில் தேய்ந்துவிடும்.

வேண்டியது, கிடையான, நேரான, சாவி பதிக்கும் பள்ளம் வெட்டிய தண்டு. வட அமெரிக்காவில் இதன் விட்டம் பெரும்பாலும் முக்கால் அங்குலம்; ஐரோப்பாவில் 20 மில்லிமீற்றரும் உண்டு. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. ஆனால் ஒன்றுக்குரிய கிளச் மற்றதில் ஏறாது, அல்லது ஏறி ஆடும்.

எவ்வளவு வலு?

ஹொண்டா நிறுவனத்தின் ஜீ.எக்ஸ். வரிசை எஞ்சின்கள் 1983ஆம் ஆண்டு முதல் விற்பனையாகி வருகின்றன. அவற்றுள் ஜீ.எக்ஸ். 120 என்பது 118 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும், நிமிடத்துக்கு 3600 சுற்றில் ஏறத்தாழ மூன்றரைக் குதிரைவலுவும் கொண்டது. ஜீ.எக்ஸ். 160 என்பது 163 கன சென்ரிமீற்றரும் ஏறத்தாழ 4.8 குதிரைவலுவும் உடையது. இதே அமைப்பைப் பின்பற்றிச் சீனாவிற் செய்யப்படும் 6.5 குதிரைவலு எஞ்சின்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. வலுக்கூடியது விலை குறைவாகக் கிடைப்பதாலேயே பலர் அதனைத் தெரிவுசெய்கிறார்கள். தனியே ஓடும் பத்து வயதுப் பிள்ளைக்கு முதலாவதே போதும். இருவர் அமரும் வண்டிக்கு இரண்டாவது பொருந்தும்.

இவை நான்கு அடி எஞ்சின்கள். இவற்றுக்கு எண்ணெய் தனியே, பெற்றோல் தனியே. இரண்டு அடி எஞ்சின்கள் பாரம் குறைந்தவை, உயர்ந்த சுற்றில் உறுமுபவை. ஆனால் பெற்றோலில் எண்ணெயை அளந்து கலக்க வேண்டும், இரைச்சலும் அதிகம். மாடிக் குடியிருப்பிலோ நெருங்கிய வீடுகளுக்கிடையிலோ வாழும் குடும்பங்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். மின்கலத்தில் ஓடும் சிறுவர் கார்ட்டுகளும் இப்போது உண்டு. அவற்றின் உச்ச வேகத்தை மின் கட்டுப்பாட்டுப் பெட்டியிலேயே மட்டுப்படுத்தலாம்.

நான்கு அடி எஞ்சின்களில் 3600 சுற்றுக்கு மேற் போகாதபடி தடுக்கும் ஓர் ஒழுங்காக்கி பொருத்தப்பட்டிருக்கும். வேகம் கூட்டுவதற்காக அதனைக் கழற்றிவிடுவோர் உளர். உள்ளிருக்கும் இணைப்புத் தண்டும் பறசில்லும் அந்த அளவுக்கெனவே செய்யப்பட்டவை. அளவு மீறும்போது இணைப்புத் தண்டு முறியும். பறசில்லு வெடித்துச் சிதறவும் கூடும். பிள்ளையின் முதுகுக்கு ஒரு முழத் தொலைவில் அது நிகழும் என்பதை மறக்கலாகாது.

கிளச் என்ன செய்கிறது?

சிறுவர் கார்ட்டிற் பெரிதும் பயன்படுவது மையநீக்கக் கிளச் ஆகும். தண்டோடு சுழலும் இரும்புக் கட்டைகளை ஸ்பிறிங்குகள் உள்நோக்கி இழுத்துப் பிடித்திருக்கும். சுழற்சி கூடும்போது கட்டைகள் வெளிநோக்கி விரிந்து, சுற்றியுள்ள கிண்ணத்தை உராய்ந்து பற்றும். கிண்ணத்தோடு இணைந்த சிறு பற்சில்லு சங்கிலியை இழுக்கும். எஞ்சின் நிமிடத்துக்கு 1400 சுற்றளவில் ஆறுதலாக ஓடும்போது வண்டி நகராமல் நிற்கும். 1800 முதல் 2200 சுற்றளவிற் கிளச் பற்றத் தொடங்கும். பிள்ளை பயந்து காலை எடுத்தால் எஞ்சின் தணியும், கிளச் விடும். இந்தக் காரணத்தாலேயே கிளச்சை நாம் பாதுகாப்பு உறுப்பு என்கிறோம். கிளச் இன்றி எஞ்சினை நேரே சங்கிலியிற் பூட்டிய வண்டியைப் பிள்ளைக்குக் கொடுத்தல் தகாது.

பற்றும் எல்லைக்கு முன்னர் கட்டைகள் வழுக்கிக்கொண்டிருக்கும். அந்த வழுக்கல் வெப்பமாக மாறும். கிண்ணம் நீலம் பாரித்துவிட்டால், அது நெடுநேரம் வழுக்கி எரிந்ததென்று பொருள்.

ஒரு சிறு கணக்கு

எஞ்சின் பக்கப் பற்சில்லுக்கு 12 பல், அச்சுப் பக்கப் பற்சில்லுக்கு 72 பல், ரயரின் விட்டம் 33 சென்ரிமீற்றர் எனக் கொள்வோம். எஞ்சின் ஆறு முறை சுழன்றால் அச்சு ஒரு முறை சுழலும். ரயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.04 மீற்றர் உருளும். 3600 சுற்றில் அச்சு 600 முறை சுழல, வண்டியின் வேகம் மணிக்கு 37 கிலோமீற்றர் ஆகும். கிளச் முற்றாகப் பற்றும் 2000 சுற்றில் வேகம் மணிக்கு 21 கிலோமீற்றர்.

அச்சுப் பற்சில்லை 48 பல்லுக்கு மாற்றினால் உச்ச வேகம் 56 கிலோமீற்றராகும். ஆனால் கிளச் பற்றி முடிவதற்கே வண்டி 31 கிலோமீற்றர் வேகத்தை எட்ட வேண்டும். அதற்குக் கீழே பிள்ளை ஓட்டும் ஒவ்வொரு கணமும் கிளச் எரிந்துகொண்டிருக்கும். வேகத்துக்கு ஆசைப்பட்டுப் பற்சில்லைச் சிறிதாக்குவோர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளச் வாங்குவதன் காரணம் இதுதான்.

இதன் மறுபக்கமும் உண்டு. பிள்ளை வேகமாகப் போகக்கூடாதென்று பெற்றோர் பலர் எஞ்சினின் கழுத்தைத் திருகி, 2000 சுற்றுக்கு மேற் போகாமற் கட்டிவிடுகிறார்கள். அப்போதும் கிளச் வழுக்கும் எல்லையிலேயே நின்று எரியும். வேகத்தைக் குறைக்க விரும்புவோர் முதலில் அச்சின் பற்சில்லைப் பெரிதாக்க வேண்டும், அல்லது ரயரைச் சிறிதாக்க வேண்டும். 33 சென்ரிமீற்றர் ரயருக்குப் பதிலாக 28 சென்ரிமீற்றர் ரயர் பூட்டினால், மேற்சொன்ன 37 கிலோமீற்றர் 32 ஆகக் குறையும். அதன் பின்னர் வேண்டுமானால் மிதியின் கீழ் ஒரு திருகாணி வைத்து எஞ்சினை 2800 சுற்றளவில் மட்டுப்படுத்தலாம்.

புல்லும் மேடும் உள்ள நிலத்தில் இதுவும் போதாது. அங்கே வார்ப்பட்டியால் இயங்கும் மாறுவிகிதக் கப்பி அமைப்பே ஏற்றது. கடைகளில் இதனை டோர்க் கன்வேர்ட்டர் என்பார்கள். ஸ்கூட்டர்களில் உள்ளதும் இதே தத்துவமே. இவ்வகையிற் பெயர்பெற்ற 30 வரிசை அமைப்பு, தொடக்கத்தில் 2.7க்கு 1 என்ற விகிதத்தில் இழுத்து, வேகம் கூடக்கூடத் தானே விகிதத்தை மாற்றி 0.9க்கு 1 வரை செல்லும். விலை கிளச்சைவிட அதிகம். ஆனால் மேட்டிற் பிள்ளை திணறாது. முடிவு விகிதம் ஒன்றுக்குக் குறைவாகையால் உச்ச வேகம் சற்றுக் கூடும் என்பதைக் கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பூட்டும்போது

சங்கிலியின் இலக்கமும் இரு பற்சில்லுகளின் இலக்கமும் ஒன்றாயிருத்தல் வேண்டும். 35 எனில் பல்லிடைத் தூரம் எட்டில் மூன்று அங்குலம். 40, 41 எனில் அரை அங்குலம். சிறு பற்சில்லு எஞ்சினை ஒட்டியிருக்கும்படி கிளச்சைப் பூட்டினால் தண்டுக்கு இழுவிசைப் பாரம் குறையும். இரு பற்சில்லுகளும் ஒரே நேர்கோட்டில் நிற்க, சங்கிலி நடுவில் அரை அங்குலமளவு தளர்ந்திருக்கலாம். கிளச்சின் உட்தாங்கிக்கு ஓரிரு துளி எண்ணெய் போதும். கட்டைகளில் எண்ணெய் பட்டால் பிடிப்பு அற்றுவிடும்.

சங்கிலிக்கும் கிளச்சுக்கும் மூடி போடாமல் வண்டியை நிலத்தில் இறக்கவே வேண்டாம். கால் எடுத்ததும் மிதி தானே திரும்ப ஸ்பிறிங்கும், பிள்ளையின் கைக்கெட்டும் தூரத்தில் எஞ்சினை நிறுத்தும் பொத்தானும், நன்கு பிடிக்கும் பிறேக்கும் வேண்டும். நீண்ட கூந்தலைக் கட்டித் தலைக்கவசத்துள் விட வேண்டும். துப்பட்டா, கழுத்துத் துண்டு முதலியன சுழலும் அச்சிற் சிக்கினால் உயிரைப் பறிக்கும். பெண்பிள்ளைகளும் இவ்வண்டியை ஓட்டத்தான் போகிறார்கள் என்பதால் இதனை அழுத்திச் சொல்கிறோம்.

எங்கே ஓட்டுவது?

ஜேர்மனியின் கொலோன் நகருக்கு அண்மையிலுள்ள கேர்ப்பன் என்னும் ஊரில், செங்கல் அடுக்கும் தொழில் செய்த ஒருவர், நான்கு வயது மகனின் மிதிகார்ட்டில் 1973ஆம் ஆண்டில் சிறு மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஒன்றைப் பூட்டிக் கொடுத்தார். சிறுவன் அதனை விளக்குக் கம்பத்தில் மோதினான். பெற்றோர் அவனை உள்ளூர்க் கார்ட் ஓடுதளத்துக்கு அழைத்துச் சென்றார்கள். தந்தை அங்கே கார்ட்டுகளைத் திருத்தும் வேலை பார்த்தார். தாய் அங்கிருந்த உணவுச்சாலையில் உழைத்தார். பிறர் கழித்த பாகங்களாலும் ரயர்களாலுமே மகன் ஓடினான். பிற்காலத்தில் ஏழு முறை உலக வாகையர் பட்டம் பெற்ற மைக்கேல் ஷூமாக்கரே அச்சிறுவன். எல்லாப் பிள்ளைகளும் ஷூமாக்கர் ஆவதில்லை. ஆயினும் விபத்துக்குப் பின் அப்பெற்றோர் வண்டியைப் பறிக்கவுமில்லை, பிள்ளையைத் தெருவில் விடவுமில்லை என்பது கவனிக்கத்தக்கது.

பதிவு செய்யப்படாத கார்ட்டைப் பொதுத் தெருவில் ஓட்ட நாம் வாழும் நாடுகளின் சட்டம் இடந்தராது. அகதி விண்ணப்பத்துக்கு விடை காத்திருக்கும் குடும்பமொன்றுக்குப் பொலிஸார் வீட்டு வாசலில் வந்து நிற்பது எத்தகைய நடுக்கத்தைத் தரும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. சொந்தக் காணியோ உரிமையாளரின் அனுமதியோ இல்லாதவர்கள் ஓடுதளத்தையே நாட வேண்டும்.

இறுதியாக ஒன்று. எம் நாட்டில் எஞ்சினின் ஒலியைக் கேட்டே நோயைச் சொன்ன கைகள், இங்கு சான்றிதழ் இல்லையென்று பாத்திரம் கழுவுகின்றன. அத்தகைய தந்தையரின் திறமையை அவர்களின் பிள்ளைகள் ஒருநாளும் கண்டதில்லை. கையேட்டிலுள்ள அந்நிய மொழியைப் பிள்ளை வாசித்துச் சொல்ல, திறவுகோலைத் தந்தை பிடிக்க, பற்களை இருவரும் எண்ணிக் கணக்கிட, அந்தச் சிறு வண்டி உருவாகட்டும். கடையில் வாங்கி நிறுத்தும் பெரிய எஞ்சின் இந்த வாய்ப்பைத் தராது. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்கக்கூடிய தந்தையர் இதனைத் தொடங்கலாம். அதற்கு இயலாதவர்கள் வண்டி வாங்குவதையும் சற்றுத் தள்ளிவைப்பதே நன்று.