ஆர்டர் கொடுத்தாயிற்று, விமானம் எப்போது வரும்?

சென்னை விமான நிலையம் என்று எல்லோரும் அழைத்தாலும், அதன் முனையங்கள் நிற்கும் திரிசூலம் செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்தான் இருக்கிறது. செய்யூரிலிருந்து சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போகிறவர் மதுராந்தகம் வந்து ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்தால், சொந்த மாவட்டத்தைத் தாண்டாமலேயே விமானம் ஏறிவிடலாம். சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் அமைக்க இடம் தேடியபோதும் இந்த மாவட்டத்தின் படாளமும் திருப்போரூரும் பட்டியலில் இருந்தன. 2022 ஆகஸ்டில் காஞ்சிபுரம் மாவட்டத்துப் பரந்தூர் தேர்வானது. மதிப்பீடு ₹27,400 கோடி. ஆண்டுக்கு 10 கோடிப் பயணிகள் என்பது இலக்கு. விளைநிலத்தைக் காக்க அந்தத் திட்டப் பகுதியிலுள்ள ஏகனாபுரம் மக்கள் நடத்திவரும் போராட்டம் தனியே விரிவாக எழுதப்பட வேண்டியது. இந்தக் கட்டுரையின் கேள்வி வேறு. அத்தனை பேரையும் ஏற்றிச் செல்ல விமானங்கள் எங்கிருந்து வரும்?

காகிதத்தில் பார்த்தால் பஞ்சமே இல்லை. 2023 பிப்ரவரி 14 அன்று டாடா குழுமத்தின் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கான ஆர்டரை அறிவித்தது. ஏர்பஸ்ஸிடம் 250, போயிங்கிடம் 220. நான்கே மாதத்தில், பாரிஸ் விமானக் கண்காட்சியில் இண்டிகோ 500 ஏ320 வகை விமானங்களுக்குக் கையெழுத்திட்டது. ஒரு நிறுவனம் ஒரே தவணையில் கொடுத்த ஆர்டர்களில் அதுவரை அதுவே உலகில் பெரியது. 2024 ஜனவரியில் ஆகாசா ஏர் 150 போயிங் 737 மேக்ஸ் விமானங்களைக் கேட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் ஏர் இந்தியா மேலும் 100 ஏர்பஸ்களைச் சேர்த்தது. இந்த நான்கு அறிவிப்புகளை மட்டும் கூட்டினாலே இரண்டு ஆண்டுக்குள் 1,220 விமானங்கள்.

எல்லாமே முதல் பக்கச் செய்திகள். வந்து இறங்கியவை எத்தனை என்ற கணக்குக்கு அந்த இடம் கிடைப்பதில்லை.

விமானத்துக்கு ஆர்டர் கொடுப்பது என்றால், தொழிற்சாலையின் உற்பத்தி வரிசையில் இடம் பிடிப்பது என்றே பொருள். கையெழுத்தாகும் நாளில் கட்டுவது சிறிய முன்பணம். டெலிவரி நெருங்க நெருங்கத் தவணைகள் கூடும். விலையின் பெரும்பகுதி விமானம் கைக்கு வரும் நாளில்தான் போகும். அன்றைக்கும் பல நிறுவனங்கள் முழுப் பணத்தைத் தாங்களே போடுவதில்லை. வாங்கிய கையோடு விமானத்தை ஒரு குத்தகை நிறுவனத்துக்கு விற்று, அதனிடமே வாடகைக்கு எடுத்துக்கொள்கின்றன. இண்டிகோ வளர்ந்தது இந்த வழியில்தான். ஆறேழு ஆண்டுகள் ஓட்டுவது, பெரிய பராமரிப்புச் செலவு வருமுன் திருப்பிக் கொடுப்பது, புதியதை எடுப்பது என்பது அதன் சூத்திரம். சூத்திரம் பலிக்க ஒரே நிபந்தனை: புதிய விமானம் சொன்ன தேதியில் வர வேண்டும்.

அந்தத் தேதிதான் இன்று உலகம் முழுவதும் தவறிக்கொண்டிருக்கிறது.

2018இல் போயிங் 806 விமானங்களை ஒப்படைத்தது. 2024இல் ஒப்படைத்தது 348. இடையில் நடந்தவை சாதாரணமானவை அல்ல. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவின் லயன் ஏர், 2019 மார்ச்சில் எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் என ஐந்தே மாதத்தில் இரண்டு 737 மேக்ஸ் விமானங்கள் விழுந்து 346 பேர் இறந்தார்கள். விமானத்தின் மூக்கு அளவுக்கு மீறி உயர்வதாகத் தோன்றினால் அதைத் தானாகவே கீழே அழுத்தும் மென்பொருள் அதில் இருந்தது. ஒரே ஒரு உணர்கருவி தவறான அளவைக் காட்டினாலும் அது வேலை செய்யத் தொடங்கிவிடும். அதைப் பற்றி விமானிகளுக்குப் போதிய விளக்கம்கூடத் தரப்படவில்லை. உலகம் முழுவதும் மேக்ஸ் தரையில் நிறுத்தப்பட்டது. மீண்டும் பறக்கத் தொடங்கிய பிறகு, 2024 ஜனவரி 5 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸின் மேக்ஸ் ஒன்றில் கதவுக்கான இடத்தை அடைத்திருந்த தகடு நடுவானில் பிய்ந்து போனது. அதை இறுக்கிப் பிடிக்க வேண்டிய போல்ட்டுகள் தொழிற்சாலையிலேயே பொருத்தப்படவில்லை என்று விசாரணை காட்டியது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் மேக்ஸ் உற்பத்திக்கு மாதம் 38 என்று வரம்பு கட்டியது. செப்டம்பரில் சுமார் 33,000 தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்க, ஏழு வாரங்களுக்கு மேல் முக்கிய ஆலைகள் முடங்கின.

இதன் அடி சென்னையோடு தொடர்புடைய ஒரு நிறுவனத்தின்மீதும் விழுந்தது. ஸ்பைஸ்ஜெட் கலாநிதி மாறன் வசம் இருந்தபோது, 2014 மார்ச்சில், 42 மேக்ஸ் விமானங்களுக்கு ஆர்டர் கொடுக்கப்பட்டது. 2015இல் நிறுவனம் அதன் இணை நிறுவனர் அஜய் சிங்கிடம் திரும்பிப் போன பின், 2017 ஜனவரியில் அந்தக் கணக்கு 205 விமானங்கள் வரை என்று விரிந்தது. மதிப்பு 2,200 கோடி டாலர் என்றார்கள். முதல் மேக்ஸ் 2018இல்தான் வந்தது. ஒரு டஜன் சேர்ந்த நிலையில் மார்ச் 2019 தடை வந்து எல்லாம் நின்றுபோயின. இந்தியாவில் மேக்ஸ் மீண்டும் பறக்க 2021 ஆகஸ்ட் ஆயிற்று. 205 என்ற எண் அறிவிப்பில்தான் இருக்கிறது.

பெரிய விமானங்களின் கதையும் இப்படித்தான். போயிங் 777 எக்ஸ் 2013இல் அறிமுகமானது, 2020இல் வரும் என்றார்கள். இப்போது சொல்லப்படும் ஆண்டு 2027. சென்னைவாசிகள் நன்கறிந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2017இலேயே இதில் 20 கேட்டுக் காத்திருக்கிறது. ஏர் இந்தியாவின் பட்டியலில் 10 உண்டு.

ஏர்பஸ்ஸிலும் நிலைமை சீராக இல்லை. 2025 ஜூன் இறுதியில் அதன் ஆலைகளில் சுமார் 60 விமானங்கள், மற்ற வேலையெல்லாம் முடிந்து, இன்ஜின் மட்டும் இல்லாமல் நின்றன. இருக்கை, கழிவறைக் கதவு போன்ற சிறு பாகங்களின் தட்டுப்பாடும் டெலிவரியைத் தள்ளிப்போடுகிறது. இலங்கையில் வேறு விதமான இடி. ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் 2013இல் ஆர்டர் கொடுத்த ஏ350 விமானங்கள் ஆட்சி மாறிய பின் ரத்தாகி, வராமலே போயின. லஞ்ச வழக்குகளைத் தீர்க்க ஏர்பஸ் 2020 ஜனவரியில் சுமார் 360 கோடி யூரோ செலுத்த ஒப்புக்கொண்டபோது, பிரிட்டன் நீதிமன்ற ஆவணங்களில் அந்த இலங்கை பேரமும் இடம்பெற்றது.

இந்தியாவை மிக மோசமாகத் தாக்கியது இன்ஜின்தான். ஏ320 நியோவில் இரண்டு வகை இன்ஜின்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். எரிபொருளை மிச்சப்படுத்தும் பிராட் அண்ட் விட்னியின் இன்ஜினை இண்டிகோவும் கோஏரும் முதலில் எடுத்தன. 2018 மார்ச்சிலேயே, கோளாறுள்ள இன்ஜின்கள் காரணமாக இரு நிறுவனங்களின் 11 விமானங்களை விமானப் போக்குவரத்து இயக்குநரகம் தரையிறக்கியது. இண்டிகோ 2019இல் தன் அடுத்த ஆர்டர்களுக்கு வேறு இன்ஜினுக்கு மாறிக்கொண்டது. பின்னாளில் கோ ஃபர்ஸ்ட் என்று பெயர் மாற்றிக்கொண்ட கோஏர் மாறவில்லை. 2023 ஜூலையில் பெரிய குண்டு வெடித்தது. இன்ஜினுக்குள் பெரும் வேகத்தில் சுழலும் தட்டுகளை நிக்கல் கலவைத் தூளை அழுத்தி உருவாக்குவார்கள். 2015 கடைசியிலிருந்து 2021 வரை தயாரான தூளில் அசுத்தம் கலந்திருந்ததால் தட்டுகளில் விரிசல் விழக்கூடும் என்று தாய் நிறுவனமான ஆர்டிஎக்ஸ் அறிவித்தது. ஒவ்வொரு இன்ஜினையும் கழற்றிச் சோதித்துத் திருப்பித் தர 250 முதல் 300 நாள் வரை ஆகும் என்பது அந்நிறுவனமே சொன்ன கணக்கு. இண்டிகோவின் எழுபதுக்கும் மேற்பட்ட விமானங்கள் ஒரு கட்டத்தில் ஓடாமல் கிடந்தன.

கோ ஃபர்ஸ்ட் அந்த அறிவிப்புவரைகூடத் தாங்கவில்லை. தன் நியோக்களில் ஏறக்குறைய பாதி இன்ஜின் இல்லாமல் நிற்பதாகச் சொல்லி 2023 மே 2 அன்று அது திவால் மனு கொடுத்தது. 2025 ஜனவரியில் நிறுவனத்தைக் கலைக்க உத்தரவானது. ஆயிரக்கணக்கான ஊழியர்கள் தெருவுக்கு வந்தார்கள். விமானங்களைத் திரும்பப் பெற முடியாமல் தவித்த வெளிநாட்டுக் குத்தகை நிறுவனங்களின் அச்சத்தைப் போக்க, நாடாளுமன்றம் 2025இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

புதியது வராவிட்டால் பழையதை ஓட்டத்தான் வேண்டும். உலகப் பயணிகள் விமானங்களின் சராசரி வயது 14.8 ஆண்டுகளாக உயர்ந்துவிட்டது, அது இதுவரை இல்லாத உச்சம் என்று சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் 2024 டிசம்பரில் தெரிவித்தது. நிலுவையிலுள்ள ஆர்டர்கள் 17,000. அன்றைய உற்பத்தி வேகத்தில் அவற்றை முடிக்க 14 ஆண்டு ஆகும் என்றும் சொன்னது. இண்டிகோ, திருப்பிக் கொடுக்க வேண்டிய பழைய ஏ320களின் குத்தகையை நீட்டித்தது. துருக்கி ஏர்லைன்ஸிடமிருந்து 777களை விமானிகளோடு சேர்த்து வாடகைக்கு எடுத்தது. ஏர் இந்தியா தன் பழைய விமானங்களின் உட்புறத்தைப் புதுப்பிக்க 40 கோடி டாலர் ஒதுக்கியும், இருக்கைகள் கிடைக்காமல் அந்த வேலையும் தள்ளிப்போனது.

பழைய விமானம் என்றால் ஆபத்தா? இதற்கு நேரடியான பதில் உண்டு: வயது மட்டும் ஆபத்தைத் தீர்மானிக்காது. விமானத்தை முதுமையாக்குவது ஆண்டுக் கணக்கைவிட, அது எத்தனை முறை ஏறி இறங்கியது என்பதுதான். ஒவ்வொரு முறை உயரே போகும்போதும் உள்ளே காற்றழுத்தம் ஏற்றப்பட்டு உடல் சற்றே உப்பும், இறங்கும்போது சுருங்கும். பல்லாயிரம் தடவை இது நடந்தால் ஆணி அடித்த துளைகளின் ஓரத்தில் மயிரிழை விரிசல் தோன்றும். அதோடு உப்புக் காற்று சேர்ந்தால் கேடு இரட்டிப்பு. கிழக்குக் கடற்கரைச் சாலையோர வீடுகளின் இரும்பு கேட் என்ன ஆகிறது என்று பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய் தீவுகளுக்கு இடையே குறுந்தூரம் பறந்துவந்த அலோஹா ஏர்லைன்ஸின் 737 விமானத்தின் கூரை, 24,000 அடி உயரத்தில் பல மீட்டர் நீளத்துக்குப் பிய்ந்தது. வயது 19தான். ஆனால் 89,000 முறைக்கு மேல் ஏறி இறங்கியிருந்தது. விமானப் பணிப்பெண் ஒருவர் இறந்தார். விமானி எப்படியோ தரையிறக்கி மற்ற எல்லோரையும் காப்பாற்றினார். பழைய விமானங்களை ஆராயும் விதிகள் அதன் பிறகுதான் உலகம் முழுக்க இறுகின.

அதே சமயம், 1989 முதல் இந்தியன் ஏர்லைன்ஸுக்கு வந்த ஏ320களை எடுத்துக்கொள்ளுங்கள். 1990 பிப்ரவரி 14 அன்று பெங்களூருவில் ஒன்று விழுந்து 92 பேர் இறந்தபோது அந்த விமானத்துக்கு வயது சில மாதங்கள். மீதி விமானங்கள் பல மாதங்கள் தரையில் நின்று, மீண்டும் பறக்கத் தொடங்கி, அவற்றில் சில கால் நூற்றாண்டுக்கு மேல் சேவை செய்தன. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் விழுந்து, உள்ளே இருந்த 242 பேரில் 241 பேரின் உயிரைப் பறித்த ஏர் இந்தியாவின் 787க்கு வயது 11. எரிபொருளைக் கட்டுப்படுத்தும் சுவிட்சுகள் இரண்டும் புறப்பட்ட சில நொடிகளில் துண்டிப்பு நிலைக்குப் போனதை முதல்கட்ட அறிக்கை பதிவுசெய்தது. விமானத்தின் வயதைக் காரணமாக அது சொல்லவில்லை. ஆகவே ‘பழசு, அதனால் விழும்’ என்ற பேச்சு தவறு. ‘பழசானால் என்ன’ என்று அலட்சியமாக இருப்பது அதைவிடப் பெரிய தவறு.

முதுமையடையும் விமானத்துக்குத் தேவை ஹேங்கரும் கைதேர்ந்த ஆட்களும். ஒன்றரை, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ‘சி செக்’. ஆறாம் ஆண்டிலும் பன்னிரண்டாம் ஆண்டிலும் தரை, சுவர், இருக்கை எல்லாவற்றையும் பிரித்து எலும்புக்கூடு வரை சோதிக்கும் பெரிய செக். வாரக்கணக்கில் பிடிக்கும் வேலை. தமிழ்நாட்டில் இதைச் செய்யும் இடம் ஓசூரில் இருக்கிறது. அதை நடத்தும் ஏர் வொர்க்ஸ் நிறுவனத்தை வாங்க 2024 டிசம்பரில் அதானி குழுமம் ஒப்பந்தம் செய்தது. பெங்களூருவில் ஏர் இந்தியாவும் இண்டிகோவும் பெரும் பராமரிப்பு மையங்களை வளர்க்கின்றன. ஹைதராபாத்தில், இண்டிகோ மாறிக்கொண்ட லீப் வகை இன்ஜின்களுக்கான சஃப்ரான் மையம் 2025 நவம்பரில் திறக்கப்பட்டது. 2020இல் பராமரிப்புப் பணிக்கான ஜி.எஸ்.டி.யை 18 சதவீதத்திலிருந்து 5 ஆகவும், 2024இல் உதிரிபாக இறக்குமதிக்கு ஒரே சீராக 5 ஆகவும் ஒன்றிய அரசு குறைத்த பிறகு இந்தத் தொழில் சூடுபிடித்திருக்கிறது. நாட்டின் பெரிய விமான நிலையங்களில் ஒன்றை வைத்திருக்கும் சென்னை இதில் பின்தங்கி நிற்பது வருத்தத்துக்குரியது.

ஆட்களுக்கும் இங்கே குறைவில்லை. அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்த, 1949இல் தொடங்கிய குரோம்பேட்டை எம்.ஐ.டி. இதே செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலையில் படூரிலும் விமானப் பொறியியல் கற்பிக்கிறார்கள். படித்து முடிக்கும் பிள்ளைகள் வேலைக்குப் பெங்களூரையும் வளைகுடாவையும்தான் பார்க்கிறார்கள்.

பரந்தூருக்கும், 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்ட ஓசூர் விமான நிலையத்துக்கும் வரைபடம் போடும்போது, பயணிகள் முனையத்தின் பரப்பளவுக்குத் தரும் கவனத்தை ஹேங்கருக்கும் இன்ஜின் பழுதுபார்க்கும் கூடத்துக்கும் தமிழக அரசு தர வேண்டும். ஆர்டர் கொடுத்த விமானம் பத்தாண்டு தாமதமாக வரலாம். பழைய விமானத்துக்கான பராமரிப்பு வேலை இன்றே கைவசம் இருக்கிறது, இன்னும் பல ஆண்டுகளுக்கு இருக்கும். ஒவ்வொரு நிறுவனமும் ஓட்டும் விமானங்களின் வயதையும் அவை ஏறி இறங்கிய எண்ணிக்கையையும் பயணிகள் எளிதில் பார்க்கும்படி விமானப் போக்குவரத்து இயக்குநரகம் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் வெளியிட வேண்டும். டிக்கெட்டுக்குப் பணம் கொடுக்கும் மக்களுக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.