'மச்சா' எங்கிருந்து வந்தான்?

தாய்மார்களே! உங்கள் வீட்டுப் பிள்ளை கைப்பேசியில் தட்டுவதை ஒரு நாள் எட்டிப் பாருங்கள். "மச்சா, ஜொம் மகான்" என்று இருக்கும். 'வா, சாப்பிடப் போகலாம்' என்று பொருள். எழுதியவன் சீனப் பையனாகக்கூட இருப்பான்! "ஐயோ, தமிழ் என்னாவது?" என்று பதறுவீர்கள். சற்றுப் பொறுங்கள்.

காலையில் பெரட்டுக்குப் போனோமே, அந்தப் பெரட்டு எங்கிருந்து வந்தது? 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல்தான். நாம் குடியிருந்த லயம், துரைமார் சொன்ன 'லைன்'. லாரி பின்னால் வரும்போது "கோஸ்தான், கோஸ்தான்" என்று கத்துகிறோமே, அது கப்பல்காரர்களின் 'கோ அஸ்டெர்ன்'. காதில் விழுந்ததை நாக்குக்கு வசதியாக வளைத்துக்கொண்டோம். எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை.

பிறகு 1970-களில் சுங்கை வேயில் மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. மலாய், சீன, தமிழ்ப் பெண்கள் ஒரே கூரையின்கீழ் வேலை செய்தார்கள். அவர்கள் வாயில் கலந்த பேச்சைத்தான் இன்று பேரப்பிள்ளைகள் விரலால் எழுதுகிறார்கள்.

சுருக்கி எழுதுவதும் புதுமையல்ல. மலாயில் 'குரா-குரா' என்றால் ஆமை. அதை 'குரா' என எழுதிப் பக்கத்தில் 2 போடுகிறார்கள் பிள்ளைகள். 1972-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் மலாய்ப் புத்தகங்களே அப்படித்தான் அச்சாயின! வியப்புக்குப் போடும் 'ஓ.எம்.ஜி.' இருக்கிறதே, அதை 1917-லேயே ஃபிஷர் என்ற பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்தில் பயன்படுத்தியிருக்கிறார். நம் 'ஐயோ'வும் 2016-இல் ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியில் ஏறிவிட்டது. சீனரும் அப்படியே கூவுவதால், யாருடையது என்ற சண்டை வேண்டாம்!

மச்சானுக்கு வருவோம். நம் வழக்கத்தில் மச்சான் என்றால் பெண் கொடுத்து எடுக்கும் முறை. கண்டவனையும் அப்படி அழைத்தால் பாட்டி விளக்குமாற்றைத் தூக்குவாள். இன்றோ மூன்று இனப் பிள்ளைகளும் நண்பனை 'மச்சா' என்கிறார்கள். எனக்கு இதில் வருத்தமில்லை. ஒரு கவலை மட்டும் உண்டு.

நம் 'தம்பி' என்ற சொல் என்ன ஆனது தெரியுமா? வெள்ளையர் காலத்து அலுவலகங்களில் தேநீர் கொண்டுவரும், கடிதம் தூக்கும் எடுபிடி ஆளுக்கே 'தம்பி' என்று பெயராயிற்று. மலாய் அகராதியிலும் அந்தப் பொருள் ஏறிவிட்டது. நாற்பது வயதுக்காரரும் அங்கே தம்பிதான். பாசமாகப் பிறந்த சொல், ஏவல் சொல்லாக மாறிப்போனது.

ஆகவே, பிள்ளையின் கைப்பேசியைப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று மட்டும் கேளுங்கள்: உன்னை 'மச்சா' என்றவன் தோளில் கை போட்டுச் சொன்னானா, தூரத்தில் நின்று விரலைச் சொடுக்கிச் சொன்னானா?