நெரிசல் என்பது ஓட்டம் அன்று

நாஞ்சில் நாட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் திருவிழாக் கூட்டம் புதிதன்று. கார்த்திகையில் கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா, மார்கழியில் சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் தேரோட்டம், தையில் நாகராஜா கோயில் திருவிழா, மாசியில் மண்டைக்காட்டுக் கொடை, கோடையில் ஊர்தோறும் அம்மன் கொடைகள் என ஆண்டின் பெரும்பகுதியை விழாக்களே எடுத்துக்கொள்ளும். இவை அனைத்திலும் இசைக்கு இடமுண்டு. மேளமும் வில்லுப்பாட்டும் பக்திப் பாடல்களும் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இசையும் கூட்டமும் பிரித்துப் பார்க்க முடியாதவை.

அத்தகைய ஊரில் ஐம்பது ஆண்டுகளைக் கழித்துவிட்ட எனக்கு, கூட்டத்தைக் கண்டு உயிரச்சம் ஏற்பட்டது ஒரே ஒருமுறைதான். சில ஆண்டுகளுக்கு முன் நாகர்கோவிலை அடுத்த ஒரு திறந்தவெளியில் இன்னிசைக் கச்சேரி நடந்தது. அனுமதி இலவசம். பள்ளியில் படித்துக்கொண்டிருந்த என் தங்கை மகளை அழைத்துச் சென்றிருந்தேன். சுற்றுச்சுவருக்குள் அமைந்த அந்தத் திடலுக்கு ஒரே ஒரு வாயில். மேடைக்கு முன்னே சவுக்குக் கம்புகளால் கட்டப்பட்ட தடுப்பு. எல்லோரும் எதிர்பார்த்திருந்த பாடகர் மேடையேறிய நொடியில் பின்னாலிருந்தவர்கள் ஆளுக்கு ஓர் அடி முன்னே வந்தனர். ஓர் அடிதான். அடுத்த சில நிமிடங்கள் என் கால்கள் தரையில் இருந்தனவா என்பதே எனக்குத் தெரியவில்லை. "மாமா, மூச்சு விட முடியல" என்று அவள் சொன்னது காதில் விழவில்லை. உதடுகளின் அசைவிலிருந்து புரிந்துகொண்டேன். தடுப்பின் மேல் ஏறி நின்ற முன்பின் தெரியாத ஓர் இளைஞர் அவளது கையைப் பற்றி மறுபுறம் தூக்கிவிட்டார்.

அன்று யாருக்கும் பெரிய காயமில்லை. ஆகவே அது செய்தியாகவும் இல்லை. மறுநாள் தேநீர்க் கடையில் பேச்சு எழுந்தபோது, "பயலுவளுக்குக் கட்டுப்பாடே இல்லை" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையசைத்தனர். நானும் தலையசைத்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்தப் பெண் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். தோழிகளுடன் ஓர் இசை நிகழ்ச்சிக்குச் செல்ல வேண்டும் என்று அண்மையில் வீட்டில் கேட்டாள். வேண்டாம் என்றாள் என் தங்கை; சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டாள். பதில் சொல்வதற்கு முன், அன்று எங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைத் தெரிந்துகொள்ள விரும்பினேன். தெரிந்துகொண்ட பின், தேநீர்க் கடையில் தலையசைத்தது தவறு என்று உணர்ந்தேன்.

இத்தகைய நிகழ்வை ஆங்கிலத்தில் 'ஸ்டாம்பீட்' என்கிறார்கள். மிரண்ட கால்நடைகள் தறிகெட்டு ஓடுவதைக் குறிக்கும் சொல் அது. மக்கள் அஞ்சி ஓடினார்கள், விழுந்தவர்களை மிதித்தார்கள் என்ற சித்திரத்தை அது மனத்தில் பதித்துவிடுகிறது. நம் மொழியில் உள்ள 'நெரிசல்' என்ற சொல்லோ உண்மைக்கு மிக நெருக்கமானது. கழுத்தை நெரித்தல் என்கிறோமே, அதே நெரித்தல்தான். இசை நிகழ்ச்சிகளில் உயிரிழந்தவர்களில் மிகப் பலர் ஓடவில்லை. ஓட இடமே இருந்ததில்லை. நின்ற நிலையிலேயே நான்கு புறமும் அழுத்தப்பட்டு, மார்புக்கூடு விரிய இடமின்றி, மூச்சுத் திணறி இறந்தவர்கள் அவர்கள். 2021 நவம்பரில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் நடந்த ஆஸ்ட்ரோவேர்ல்ட் இசை விழாவில் 10 பேர் உயிரிழந்தனர். அழுத்தத்தால் ஏற்பட்ட மூச்சுத்திணறலே காரணம் என்று மருத்துவ ஆய்வு தெரிவித்தது.

இதன் பின்னால் உள்ள கணக்கு எளிமையானது. ஒரு சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ ஒரு சிறிய சாப்பாட்டு மேசையின் பரப்பு. அதில் இருவர் நின்றால் விரும்பிய திசையில் நடக்கலாம். நால்வர் நின்றால் தோள்கள் உரசும்; எனினும் ஒதுங்க முடியும். ஆறு பேரைத் தாண்டும்போது நம் உடல் நம் வசத்தில் இருப்பதில்லை. ஏழு பேரை எட்டும்போது, கூட்டம் தனித்தனி மனிதர்களின் தொகுப்பு என்ற நிலை மாறி, நீரைப் போல நடந்துகொள்ளத் தொடங்குகிறது என்கின்றனர் வல்லுநர்கள். எங்கோ ஒருவர் தடுமாறினால் அந்த அசைவு அலையாகப் பரவும். பல மீட்டர் தொலைவில் நிற்பவரையும் அது தூக்கி நகர்த்தும். அந்த அலையை எதிர்த்து நிற்க எந்தத் தனிமனிதரின் வலிமையும் போதாது. அன்று எங்களைத் தூக்கியது அந்த அலைதான். அதை உண்டாக்கியவர் யாரும் அதை உண்டாக்க நினைத்திருக்கவில்லை.

பின்னால் நிற்பவர் வைப்பது ஓர் அடி. அவருக்கு முன்னால் சிறிது இடம் இருக்கிறது, வைக்கிறார். அதற்கு முன்னால் இருப்பவரும் அவ்வாறே. ஆயிரம் பேர் வைத்த ஆயிரம் சிறிய அடிகளின் மொத்த அழுத்தம் தடுப்பை ஒட்டி நிற்பவரின் மார்பில் போய்ச் சேர்கிறது. முன்னால் நடப்பது பின்னால் தெரிவதில்லை. பிற கூட்டங்களில் அலறல் சத்தமாவது கேட்கும். இசை நிகழ்ச்சியில் ஒலிபெருக்கிகள் அதையும் விழுங்கிவிடுகின்றன.

1979 டிசம்பர் 3 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில், தி ஹூ என்ற இசைக்குழுவின் நிகழ்ச்சிக்கு ஆயிரக்கணக்கானோர் அரங்குக்கு வெளியே குளிரில் காத்திருந்தனர். இருக்கைகளுக்கு எண் இல்லை; முதலில் நுழைபவருக்கு முன்னிடம். திறக்கப்பட்ட கதவுகளோ மிகச் சில. உள்ளிருந்து இசை கேட்டதும் நிகழ்ச்சி தொடங்கிவிட்டது என்று நினைத்துக் கூட்டம் முன்னே நகர்ந்தது. 11 பேர் வாசலிலேயே இறந்தனர். நிகழ்ச்சி முழுவதும் நடந்து முடிந்த பின்னரே பாடியவர்களுக்குச் செய்தி தெரிந்தது. எண்ணிடப்படாத இருக்கை முறையை அந்நகரம் அந்த மாதமே தடை செய்தது. ரசிகர்களின் ஒழுக்கத்தை அன்று யாரும் திருத்திவிடவில்லை. நுழையும் முறையைத்தான் மாற்றினார்கள்.

நமக்கு மிக அருகிலும் உதாரணங்கள் இருக்கின்றன. 2023 நவம்பர் 25 அன்று கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மாணவர் விழாவையொட்டிய இசை நிகழ்ச்சியின்போது மழை பெய்தது. வெளியே காத்திருந்தவர்கள் ஒதுங்க இடம் தேடித் திறந்தவெளி அரங்குக்குள் ஒரே நேரத்தில் நுழைந்தனர். உள்ளே கீழ்நோக்கி இறங்கும் படிகள். நான்கு பேர் உயிரிழந்தனர். மழைக்கு ஒதுங்குவதை ஒழுங்கீனம் என்று யார் சொல்ல முடியும்? அதே ஆண்டு செப்டம்பர் 10 அன்று சென்னையை அடுத்த பனையூரில் நடந்த ஏ.ஆர். ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சியில், நுழைவுச்சீட்டு வாங்கியிருந்த பலர் உள்ளே செல்ல முடியாமல் திரும்பினர். நெரிசலில் தங்களுக்கு நேர்ந்த பாலியல் சீண்டல்களைப் பெண்கள் பலர் வெளிப்படையாகப் பதிவு செய்தனர். உயிர்ச்சேதம் இல்லை என்பதால் மட்டும் ஒரு நிகழ்ச்சி பாதுகாப்பானதாகிவிடாது.

இந்த ஆபத்து இசைக்கு மட்டும் உரியதன்று. 2025 ஜூனில் பெங்களூரு கிரிக்கெட் மைதானத்துக்கு வெளியே 11 பேரும், அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று கரூர் அரசியல் கூட்டத்தில் 41 பேரும் மாண்டதை நாடு மறக்கவில்லை.

இந்தப் பின்னணியில் எங்கள் ஊர் விழாக்களை நினைத்துப் பார்க்கிறேன். சுசீந்திரம் மார்கழித் திருவிழாவின் 3-ஆம் நாள் 'மக்கள்மார் சந்திப்பு'. கோட்டாறு விநாயகரும், வேளிமலை, மருங்கூர் முருகன்களும் தத்தம் ஊர்களிலிருந்து தாய் தந்தையரைக் காண எழுந்தருள்வதாக ஐதீகம். வாகன பவனிகளில் நாகஸ்வரமும் மேளமும் தெருவழியே நடந்து வருகின்றன. மக்கள் தத்தம் வீட்டு நடையில் நின்று கேட்கிறார்கள். அல்லது உடன் நடக்கிறார்கள். அங்கே இசை மக்களைத் தேடிச் செல்கிறது. நவீனக் கச்சேரியில் மக்கள் அனைவரும் ஒரே புள்ளியைத் தேடிச் செல்கிறார்கள். கொடைகளின் வில்லுப்பாட்டு இரவு முழுவதும் நீள்வது. கேட்பவர்கள் பாய் விரித்துத் தரையில் அமர்ந்திருப்பார்கள். தக்கலை பீர் முகமது அப்பா தர்காவில் ஆண்டுதோறும் விடிய விடிய 'ஞானப்புகழ்ச்சி' பாடப்படும்போதும் அமர்ந்துதான் பாடுகிறார்கள். அமர்ந்திருப்பவர் நிற்பவரைவிட அதிக இடத்தைப் பிடித்துக்கொள்கிறார். ஆகவே அங்கே கூட்டத்தின் அடர்த்திக்கு இயல்பாகவே ஓர் உச்சவரம்பு இருக்கிறது.

பழையவை எல்லாம் பாதுகாப்பானவை என்று இதற்குப் பொருளன்று. 2011 ஜனவரியில் சபரிமலையை ஒட்டிய புல்மேட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட பக்தர்கள் நெரிசலில் மாண்டனர். பக்தியும் இயற்பியலுக்கு விலக்கில்லை. நான் சொல்ல வருவது, கூட்டத்தின் நடத்தையை அதன் குணம் தீர்மானிப்பதில்லை. அது நிற்கும் இடத்தின் அமைப்பே தீர்மானிக்கிறது என்பதுதான். தேரோட்டத்தில் வடம் பிடிக்கும் அதே இளைஞர்தான் கச்சேரித் திடலிலும் நிற்கிறார்.

ஆகவே கேள்விகள் இடத்தை நோக்கியே எழுப்பப்பட வேண்டும். நூறு மீட்டர் நீளமும் ஐம்பது மீட்டர் அகலமும் உள்ள திடலை எடுத்துக்கொள்வோம். பரப்பு 5,000 சதுர மீட்டர். மேடை, ஒலிபெருக்கிக் கோபுரங்கள், கடைகள், நடைபாதை ஆகியவற்றுக்குப் பாதியை ஒதுக்கினால் எஞ்சுவது 2,500. சதுர மீட்டருக்கு நால்வர் என்றாலும் 10,000 பேர்தான் அங்கே நிற்கலாம். சமதளத்தில் ஒரு மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்கு 80 பேர் அளவில்தான் வெளியேற முடியும் என்பது பல நாடுகள் பின்பற்றும் கணக்கு. மூன்று மீட்டர் வாயில் ஒன்று மட்டும் இருந்தால் அந்தப் பத்தாயிரம் பேரும் வெளியேற 40 நிமிடங்களுக்கு மேலாகும். இந்தக் கணக்கைப் போட ஒரு தாளும் பேனாவும் போதும். அனுமதி கேட்பவரும் கொடுப்பவரும் அதைப் போட்டுப் பார்த்தார்களா என்பதே கேள்வி.

இலவச நிகழ்ச்சிகளில் ஆபத்து கூடுதல். சீட்டு இல்லாத இடத்தில் எண்ணிக்கையும் இருப்பதில்லை. உள்ளே வருபவர்களை எண்ணுவதும், வரம்பை எட்டியதும் வாயிலை மூடுவதும், அந்தச் செய்தியைச் சாலையிலேயே அறிவித்துவிடுவதும் கட்டாயமாக்கப்பட வேண்டும். நுழையும் வழியும் வெளியேறும் வழியும் வேறு வேறாக இருக்க வேண்டும். திடலைத் தடுப்புகளால் பல பகுதிகளாகப் பிரித்தால், ஒரு மூலையில் எழும் அலை மறுமூலைக்குப் பரவாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இசையை நிறுத்தும் அதிகாரம் பெற்ற ஒருவர் மேடையருகே இருக்க வேண்டும். ஆஸ்ட்ரோவேர்ல்டில் பலர் மயங்கி விழுந்த செய்தி அதிகாரிகளுக்குத் தெரிந்த பின்னரும் அரை மணி நேரத்துக்கு மேல் இசை தொடர்ந்தது. இவற்றில் எதுவும் புதிய கண்டுபிடிப்பன்று. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2014-ஆம் ஆண்டிலேயே கூட்ட மேலாண்மைக்கென வழிகாட்டி நூல் ஒன்றை வெளியிட்டிருக்கிறது.

என் தங்கை மகளுக்கு நான் சொன்ன பதில், 'போய் வா' என்பதுதான். இளம்பெண்களை வீட்டில் இருத்தி வைப்பதைப் பாதுகாப்பு ஏற்பாடாகக் கருதும் ஊர், திடலைச் சரிசெய்யும் பொறுப்பிலிருந்து நழுவிவிடுகிறது. அவளுக்குச் சில செய்திகளையும் சொன்னேன். நுழைந்ததும் வெளியேறும் வழி எது என்று பார்த்துக்கொள். தடுப்பையும் சுவரையும் ஒட்டி நிற்காதே. இருபுறத்தவரின் தோளும் ஒரே நேரத்தில் உன்மேல் அழுந்தத் தொடங்கினால், பிடித்த பாட்டானாலும் அப்போதே விலகிவிடு. சிக்கிக்கொண்டால், குத்துச்சண்டை வீரரைப் போல் இரு கைகளையும் மார்புக்கு முன்னே மடித்து, மூச்சு விட இடம் வைத்துக்கொள். அலையை எதிர்த்துத் தள்ளாதே. அது தணியும் இடைவெளியில் சாய்வாக ஓரம் நோக்கி நகர். கீழே விழுந்த செருப்பையோ கைப்பேசியையோ எடுக்கக் குனியாதே.

இவை அவள் செய்யக்கூடியவை. ஆனால் எத்தனை பேரை உள்ளே விடுவது, எத்தனை வாயில்களைத் திறப்பது, எப்போது பாட்டை நிறுத்துவது ஆகிய மூன்றும் அவள் கையில் இல்லை. அவை விழாக் குழுவின் கையிலும், காவல்துறையின் கையிலும், அனுமதி வழங்கும் அலுவலகத்தின் கையிலும் இருக்கின்றன. அடுத்த முறை எங்கேனும் நெரிசல் ஏற்பட்டால் 'கட்டுக்கடங்காத கூட்டம்' என்று எழுதுவதற்கும் பேசுவதற்கும் முன், கூட்டம் நிற்பதற்கு எவ்வளவு இடம் கொடுக்கப்பட்டிருந்தது என்று கேட்போம். தேநீர்க் கடையில் தலையசைப்பதை நான் நிறுத்திக்கொண்டேன்.