உருக்கின் மூப்பை அளப்பது எப்படி?

அணுமின் நிலையத்தில் பம்பிகளை மாற்றலாம். நீராவிப் பிறப்பாக்கிகளைக்கூட மாற்றுகிறார்கள். எரிபொருளைத் தாங்கி நிற்கும் அமுக்கக் கலனை மட்டும் மாற்றுவதில்லை. சுமார் 20 சென்ரிமீற்றர் தடிப்பான உருக்குச் சுவர்; உள்ளே ஏறத்தாழ 300 பாகை செல்சியஸ் சூட்டில், வளிமண்டல அமுக்கத்தின் 150 மடங்கில் நீர். கலனின் ஆயுள்தான் நிலையத்தின் ஆயுள்.

உருக்குக்கு ஒரு குணமுண்டு: சூட்டில் வளைந்து கொடுக்கும், குளிரில் நொறுங்கும். ஆண்டுக்கணக்கில் நியூத்திரன்கள் தாக்கத் தாக்க, நொறுங்கத் தொடங்கும் அந்த எல்லை வெப்பநிலை மேலேறிக்கொண்டே போகும். பழைய ஒட்டுக்களில் கலந்துபோன செம்பு இதனை மேலும் விரைவாக்கும். வழமையான இயக்கத்தில் இது பெரிதாகத் தெரியாது. விபத்தொன்றில் அவசரமாகக் குளிர்நீர் பாய்ச்சும்போது உள்ளே அமுக்கமும் குறையாதிருந்தால்தான் சோதனை. சூடான கண்ணாடிக் குவளையில் பச்சைத் தண்ணீர் ஊற்றிய கதைதான். சுவரில் ஏற்கெனவே இருக்கும் சிறு வெடிப்பு ஓடத் தொடங்கலாம்.

அப்படியானால் கலனின் பலத்தை எப்படி அறிவது? அதை வெட்டிப் பார்க்க முடியாதே! ஆகவே அதே உருக்கிலும் ஒட்டிலும் செய்த சிறு துண்டுகளைப் பேழைகளில் அடைத்து, தொடக்கத்திலேயே உள்ளே வைக்கிறார்கள். சுவரைவிட உலையின் மையத்துக்கு நெருக்கமாக இருப்பதால் அவை கலனுக்கு முந்தியே மூப்படைகின்றன. காலத்துக்குக் காலம் ஒரு பேழையை வெளியே எடுத்து, சார்ப்பி முறையில் ஊசல் சுத்தியலால் துண்டுகளை முறித்து, அதற்குச் செலவான சக்தியை அளக்கிறார்கள். இது மறைமுகமான அளவு. முன்கூட்டியே வெடிப்பு உண்டாக்கிய துண்டுகளைச் சுமையேற்றி உடைத்து, முறிவைத் தாங்கும் திறனை நேரடியாக அளக்கும் முறையும் இன்று உண்டு.

இந்தச் சாட்சிகள் இல்லாவிட்டால் என்னாகும்? அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் 1960இல் இயங்கத் தொடங்கிய யாங்கி ரோ நிலையம் அதற்கு விடை. அதன் ஒட்டுக்களில் செம்பு எவ்வளவு என்பதற்கு நம்பத்தகுந்த பதிவு இருக்கவில்லை. கலன் பழுதாகிவிட்டது என்று எவரும் நிரூபிக்கவில்லை. பழுதில்லை என்று நிரூபிக்கவும் முடியவில்லை. 1991இல் நிறுத்தப்பட்ட உலையை அடுத்த ஆண்டு நிரந்தரமாக மூட உரிமையாளர்கள் தீர்மானித்தார்கள். அனுமதிக் காலமோ 2000 வரை இருந்தது.

ரஷ்யாவில் சில கலன்களை ஏறத்தாழ 475 பாகைக்குச் சூடாக்கி, இழந்த பலத்தில் பெரும்பகுதியை மீட்டிருக்கிறார்கள். எவ்வளவு மீண்டது என்று சொல்வதற்கும் உருக்கின் பழைய கணக்கு கையில் இருக்க வேண்டும். நாற்பது ஆண்டு உலையை அறுபதுக்கு நீட்டலாமா என்ற கேள்விக்கு விடை, முதல் நாளில் உள்ளே வைத்த துண்டுகளிலும் அன்று எழுதி வைத்த குறிப்புகளிலும்தான் இருக்கிறது.