கடைசி வரிசைக்கும் கேட்ட பிடில்

கச்சேரிக்குப் புறப்படுகிறவரைப் பார்த்து, "இன்று யார் பாட்டு?" என்றுதான் கேட்கிறோமே யொழிய, "இன்று யார் பிடில்?" என்று கேட்பது அபூர்வம். பக்கவாத்தியம் என்ற சொல்லே அந்த மனிதருக்கு ஓர் ஓரத்தில் பாயை விரித்து, "அங்கேயே இரும்" என்று சொல்லி விடுகிறது. இரண்டாவது கேள்வியையும் ஜனங்களைக் கேட்க வைத்த வித்வான்கள் சிலரே. அவர்களில் ஒருவர் மைசூர் சௌடய்யா.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தில் வசிக்கும் நமக்கு அவரை அயலார் என்று சொல்ல மனம் வராது. 1895-ல் அவர் பிறந்த திருமகூடல், மைசூருக்கு அருகில் காவேரியும் கபிலையும் கலக்குமிடம். அந்தத் தண்ணீர்தான் ஒகேனக்கல்லில் விழுந்து நம்முடைய காவேரியாகிறது. தண்ணீருக்கு இரு ராஜ்யங்களும் வழக்காடியதுண்டு; நல்ல வேளையாகப் பாட்டுக்கு யாரும் வழக்குத் தொடுக்கவில்லை. செம்பை வைத்தியநாத பாகவதர் பாட்டு, சௌடய்யா பிடில், பாலக்காடு மணி ஐயர் மிருதங்கம் என்று அந்நாளில் புகழ் பெற்றிருந்த கூட்டணியை எண்ணிப் பாருங்கள். பாடகரும் மிருதங்க வித்வானும் பாலக்காட்டுச் சீமை, பிடில்காரர் கன்னடியர், பாடுவது பெரும்பாலும் தியாகையரின் தெலுங்குக் கீர்த்தனை, கேட்டுத் தலையாட்டுகிறவர்கள் தமிழர்கள்! ஓசூர்ச் சந்தையில் ஒரு நாழிகை நின்றவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இராது. அங்கே கத்தரிக்காய் விலை மூன்று பாஷைகளிலும் ஒன்றுதான்.

மைசூரில் பிடாரம் கிருஷ்ணப்பா என்ற பெரிய பாடகரிடம் சௌடய்யா குருகுலவாசம் செய்தார். வருஷக் கணக்கில் அவரிடமே இருந்து, அவருக்கே பக்கவாத்தியம் வாசித்துப் பழகியவர். குருவின் பாட்டை ஒட்டி வில்லை இழுத்து இழுத்து, பாட்டுக்காரர் அடுத்தபடி எங்கே போவார் என்பதை முன்கூட்டியே ஊகிக்கும் வித்தை அவர் கையில் படிந்தது.

அக்காலத்துக் கச்சேரிகளின் சங்கடம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். கோயில் பிரகாரத்திலும் கல்யாணப் பந்தலிலும் நூற்றுக்கணக்கானவர்கள் கூடியிருப்பார்கள். ஒலிபெருக்கி கிடையாது. பாடகர்கள் உச்ச ஸ்ருதியில் தொண்டையைத் திறந்து பாடிச் சமாளித்தார்கள். செம்பையின் வெண்கலக் குரலுக்குப் பந்தல் ஒரு பொருட்டா? மிருதங்கத்துக்கும் கவலையில்லை. நடுவே அகப்பட்டுக்கொண்டது பிடில்தான். பாடகர் ராக ஆலாபனையை ஒரு கட்டத்தில் நிறுத்துகிறார். பிடில்காரர் பதில் சொல்ல வேண்டிய இடம் அது. முன்வரிசைப் பிரபுக்கள் "பேஷ்!" என்கிறார்கள். பல காதம் நடந்து வந்து பின்னால் உட்கார்ந்திருக்கும் ஏழை ரஸிகருக்கோ, வில் மேலும் கீழும் போய்வருவது மாத்திரம் தெரிகிறது!

1927-ல் சௌடய்யா ஒரு காரியம் செய்தார். நாலு தந்திகளுள்ள பிடிலில் மேலும் மூன்று தந்திகளைக் கட்டினார். ஸட்ஜமமும் பஞ்சமமுமாக நாம் சுருதி சேர்க்கும் தந்திகளுக்குப் பக்கத்திலேயே, அவற்றோடு இசைந்து ஒலிக்கும்படி துணைத் தந்திகள் வந்தன. வில்லை ஒரு முறை இழுத்தால் இரண்டு தந்திகள் சேர்ந்து பேசும். நாதம் தடித்து, கனத்து, பந்தலின் கடைசி வரை போயிற்று.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறதல்லவா? வாசிப்பவர் பாட்டை யோசியுங்கள். ஏழு பிரடைகளை முறுக்கிச் சுருதி சேர்க்க வேண்டும். ஒரே விரல் இரண்டு தந்திகளையும் சமமாக அழுத்த வேண்டும். கமகத்துக்காக விரலை வழுக்கும்போது ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் தேனில் மணல் விழுந்தது போலாகிவிடும். நாலு தந்தியின் மென்மை இதில் இல்லை என்று குறை சொன்னவர்களும் உண்டு. துவாரம் வேங்கடசாமி நாயுடு அவர்களின் வில்லில் பிறந்த நயத்தைக் கேட்டவர்கள் அப்படிச் சொன்னால் அவர்களோடு சண்டைக்குப் போக முடியாது. என் அபிப்பிராயமும் பாதிக்குப் பாதி அதுவே. ஆனாலும் செம்பை முழுக் குரலில் பாடி நிறுத்த, சௌடய்யா அதே கனத்தோடு எடுக்கும் பழைய பதிவு எதையேனும் கேளுங்கள். ஒருவர் பேச மற்றவர் எதிரொலிப்பது போலவா இருக்கிறது? சரிநிகராக இருவர் உரையாடுவது போலல்லவா இருக்கிறது!

இதே சங்கடம் கடல் கடந்தும் இருந்தது. அமெரிக்க நீக்ரோ மக்கள் உண்டாக்கிய ஜாஸ் சங்கீதத்தில் டபிள் பாஸ் என்றொரு வாத்தியம் உண்டு. ஆளைவிட உயரமான பெரிய பிடில் என்று வைத்துக்கொள்ளலாம். எக்காளங்களின் முழக்கத்துக்கு அடியில் தாளத்தைத் தாங்கிக்கொண்டு பின்னால் நிற்பதே அதற்கு விதித்த வேலை. 1939-ல் டியூக் எல்லிங்டனின் கோஷ்டியில் சேர்ந்த ஜிம்மி பிளாண்டன் என்ற இளைஞர் அதில் ராகம் பேச ஆரம்பித்தார். எல்லிங்டன் அவரைப் பின்னால் நிறுத்தி வைக்கவில்லை. தாம் பியானோ வாசிக்க, இருவர் மட்டுமாகவே இசைத்தட்டுக்கள் பதிவு செய்தார். 1942-ல் க்ஷயரோகம் பிளாண்டனைக் கொண்டுபோனபோது அவருக்கு வயது 23. அவருக்குப் பின் அந்த வாத்தியத்தைத் தொட்டவர்கள் அவர் வழியை அறியாமல் வாசிக்க முடியவில்லை.

சௌடய்யாவின் கதை வேறு விதமாக முடிந்தது. விருதுகளுக்குக் குறைவில்லை: மைசூர் ஸமஸ்தான வித்வான், 1957-ல் சென்னை மியூஸிக் அகாடமியின் ஸங்கீத கலாநிதி. 1967-ல் காலமானார். ஆனால் இதற்குள்ளாகவே ஒலிபெருக்கி ஸபா ஸபாவாகப் புகுந்துவிட்டது. எந்தக் குறைக்காக அவர் மூன்று தந்திகளைக் கட்டினாரோ, அந்தக் குறையை ஒரு சிறு யந்திரம் தீர்த்துவிட்டது. ஏழு தந்திப் பிடிலை எடுத்துக்கொண்டவர்கள் மிகச் சிலரே.

ஓசூரிலிருந்து பஸ் ஏறினால் நாற்பது கிலோ மீட்டர் பெங்களூர். தினந்தோறும் ஆயிரக்கணக்கானோர் தொழிற்சாலைக்கும் ஆபீசுக்குமாக அந்தச் சாலையில் போய்வருகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மல்லேசுவரம் பக்கம் சென்றால் சௌடய்யா ஞாபகார்த்த மண்டபத்தைப் பார்க்கலாம். 1980-ல் திறக்கப்பட்டது. கட்டடமே ஒரு பெரிய பிடிலைப் படுக்க வைத்த வடிவம். மேலே தந்திகளும் வில்லும் உண்டு. உள்ளே மேடையில் ஒலிபெருக்கியை முன்னால் வைத்துக்கொண்டு, பெரும்பாலும் நாலு தந்திப் பிடில்தான் வாசிக்கிறார்கள்.