முட்டைக் கணக்கு நிரல் யாருடையது?

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வீட்டில் கம்ப்யூட்டர் படித்த பிள்ளை இருந்தால், அவன் தலையில் விழும் முதல் வேலை முட்டைக் கணக்குதான். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவான என்இசிசி அன்றைக்கு அறிவித்த விலை, அதில் வியாபாரி கழிக்கும் மைனஸ், அட்டைக்கு முப்பது முட்டை, உடைந்தது போக மீதி. இவற்றைப் போட்டால் தொகை வர வேண்டும். இதை யாரும் முதலிலிருந்து எழுதுவதில்லை. இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு பில் கணக்கு நிரலை எடுத்து, டஜனை அட்டையாக்கி, மைனசுக்கு ஒரு கட்டம் சேர்த்து, பண்ணைப் பெயரில் ஒரு வலைப்பக்கத்தில் ஏற்றிவிடுவார்கள். ஒரு சாயங்கால வேலை. ஆனால் அதற்குள் நகலெடுத்தாகிவிட்டது, தழுவியாகிவிட்டது, ஊருக்கெல்லாம் திறந்துவிட்டும் ஆகிவிட்டது. மூன்றும் நிரலின் பதிப்புரிமை உள்ளவருக்கு மட்டுமே உரிய உரிமைகள்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்புகளின் வரிசையில் வைத்திருக்கிறது. கதைக்கு உள்ள காப்பு முப்பது வரி நிரலுக்கும் உண்டு. பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 52ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது: முறையாகக் கிடைத்த நிரலை, வணிக நோக்கமில்லாத சொந்த உபயோகத்துக்கு நகலெடுக்கலாம், மாற்றலாம். பலர் இதைப் பாதி காதில் வாங்கிக்கொண்டு ‘சொந்தப் பக்கம்தானே’ என்கிறார்கள். பக்கம் சொந்தமாக இருக்கலாம். அதைத் திறப்பவர்கள் ஊரார். லேப்டாப்பில் வைத்துக் கணக்குப் பார்த்தவரை இருந்த பாதுகாப்பு, வலையில் ஏற்றியதும் போய்விடுகிறது. பண்ணை வியாபாரத்துக்கு என்றால் அது முதலிலிருந்தே பொருந்தாது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது நிரலோடு வரும் லைசென்ஸ் கோப்பு. அது இல்லையென்றால் அனுமதியும் இல்லை. நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி கிடக்கிறது என்பது எடுத்துக்கொள்ளச் சொன்னதாகாது. எம்ஐடி உரிமம் இருந்தால் விற்கக்கூடச் செய்யலாம். ஆசிரியர் பெயரும் உரிம வாசகமும் கூடவே இருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த ‘அவ்வளவுதான்’ தவறிப்போவது பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் அல்ல. பக்கம் வேகமாகத் திறக்கட்டும் என்று நிரலைச் சுருக்கும் கருவியில் போடுவார்கள். சில கருவிகள் குறிப்புரைகளோடு சேர்த்து ஆசிரியர் பெயரையும் துடைத்துவிடும். சுருக்கிய பிறகு மேலே திரும்ப ஒட்டிவைக்க வேண்டும். ஜிபிஎல் உரிமம் இன்னும் கண்டிப்பு: நிரலை அடுத்தவருக்குக் கொடுத்தால், நீங்கள் மாற்றியதன் மூலநிரலையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் பார்ப்பவரின் உலாவிக்கே போய் இறங்குவதால், அது கொடுத்ததாகவே கருதப்படும்.

இலவச நிரலுக்கு யார் கோர்ட்டுக்குப் போவார்கள் என்று கேட்கலாம். அமெரிக்காவில் ராபர்ட் ஜேக்கப்சன் போனார். பொம்மை ரயில் ஓட்டுபவர்களுக்காக அவரும் நண்பர்களும் எழுதி இலவசமாக விட்ட ஜேஎம்ஆர்ஐ நிரலின் கோப்புகளை, மேத்யூ கேட்சர் என்பவரின் நிறுவனம் பெயர்களை நீக்கிவிட்டுப் பயன்படுத்தியது. 2008 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம், இலவச உரிமத்தின் நிபந்தனையை மீறுவதும் பதிப்புரிமை மீறலாகலாம் என்றது. 2010இல் ஒரு லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு கேட்சர் தரப்பு சமரசத்துக்கு வந்தது. நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. லாப நோக்கம் இல்லையென்றால் நீதிமன்றம் குறைக்கலாம்.

சேலத்தில் கேள்வி வேறு மாதிரி வருகிறது. வெள்ளிக் கொலுசுக் கடைக்காரர் எடை, டச் எனப்படும் சுத்தம், செய்கூலி, சேதாரம் எல்லாம் போட்டுக் கணக்குச் சொல்லும் பக்கத்தை ஒரு பையனிடம் காசு கொடுத்து எழுதி வாங்குகிறார். காசு கொடுத்ததால் நிரல் தனது என்று நினைக்கிறார். பையன் அவரிடம் சம்பளத்துக்கு இருந்தால் சரி. வெளியாள் என்றால், கையெழுத்திட்ட எழுத்து ஒப்பந்தம் இல்லாதவரை பதிப்புரிமை பையனிடமே இருக்கும். ஒப்பந்தத்தில் காலம் எழுதவில்லை என்றால் ஐந்து ஆண்டுதான் செல்லும். ஒரு தாள் விஷயம். இரண்டு தரப்புக்கும் நல்லது.

எடுத்தாள்வதில் உள்ள இன்னொரு ஆபத்துக்குச் சட்டத்தோடு சம்பந்தமில்லை. பழைய நிரல்கள் பல, வேறொரு தளத்திலிருந்து ஒரு துண்டை இழுத்து ஓடுகின்றன. பாலிஃபில் என்ற துண்டை வழங்கிய தளம் 2024 பிப்ரவரியில் கைமாறியது. ஜூனில் பார்த்தால், அதை நம்பிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் செல்போனில் நுழைந்தவர்கள் சிலர் சூதாட்டப் பக்கங்களுக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தார்கள். இப்படி நுழையும் நிரல், உங்கள் பக்கத்தில் உள்ள ஜிபே க்யூஆர் படத்தையும் மாற்றிவைக்கலாம். அந்தத் துண்டைச் சரிபார்த்து உங்கள் இடத்திலேயே ஒரு நகல் வைத்துக்கொள்வது பாதுகாப்பு. உலாவிக்குப் போகும் எதுவும் ரகசியமல்ல என்பதால், கடவுச்சொல்லோ வாடிக்கையாளர் போன் நம்பர் பட்டியலோ அதற்குள் இருக்கக் கூடாது. ‘லிங்க் உள்ளவர் யாரும் திருத்தலாம்’ என்று விட்ட கூகுள் ஷீட்டையும் உடனே பூட்டுங்கள்.

இப்படிப் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்து, சைபர்கிரைம்.கவ்.இன் தளத்திலும் புகார் பதியுங்கள். பக்கத்தில் கைவைத்தவர் மீது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகள் பாயும்.

உங்கள் நிரலையே இன்னொருவர் பெயரழித்துப் போட்டுக்கொண்டால்? அந்தப் பக்கத்தை வைத்திருக்கும் சேவை நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 2013ஆம் ஆண்டு பதிப்புரிமை விதிகளின்படி 36 மணி நேரத்துக்குள் அணுகலை நிறுத்த வேண்டும். 21 நாளுக்குள் நீங்கள் கோர்ட் உத்தரவு காட்டாவிட்டால் திரும்பத் திறந்துவிடலாம். வழக்குக்குச் சென்னைக்கோ பெங்களூருக்கோ ஓட வேண்டாம். பதிப்புரிமைச் சட்டத்தின் 62ஆம் பிரிவு, நீங்கள் வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடுக்க விடுகிறது. ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் கொண்டுபோனால் போதாது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழும், அதில் கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணும் வேண்டும். எதிராளி பக்கத்தை அழிப்பதற்கு முன்பே வக்கீலிடம் சொல்லி இவற்றைத் தயாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.